வால் முன்னால்

டெல்ஃபினின் கேரேஜில் அன்று மதியம் இருந்தவர்கள்: வேனுக்குச் சொந்தக்காரியான டெல்ஃபின், மலிபு மலைச் சாலையில் சக்கரப் பலகையில் சறுக்கி இறங்கத் தன்னை விட்டால் ஆளில்லை என்று நம்பிய மெரிக், அப்பன் காசில் உதிரிபாகமாக வாங்கிக் குவிக்கும் ராய்ஸ், ஒரு நாய். அவர்களில் நாயைப் பற்றி மட்டும்தான் மெரிக்குக்கு நல்ல அபிப்பிராயம்.

சறுக்குப் பந்தயத்துக்குப் போகும் வேனில் ஓர் இடம்தான் மிச்சமிருந்தது. மெரிக்குக்கு அது வேண்டும். ராய்ஸுக்கும் வேண்டும்.

ராய்ஸ் தன் லாங்போர்டுக்கு, அந்த நீளச் சக்கரப் பலகைக்கு, இரண்டு கம்பெனிச் சக்கர அச்சுகளைக் கலந்து மாட்டியிருந்தான். ஒரு முனையில் கோணம் அதிகமான அச்சுத் தட்டு, மெத்தென்ற ரப்பர் புஷ். மறு முனையில் கோணம் குறைந்த தட்டு, கல் போன்ற புஷ். பலகையை நிமிர்த்தி, ஒரு முனையில் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்தான்.

"குதிரைக்குக் கழுதைக் கால் ஒட்டுறியாடா? ஒரே பெட்டில வந்த ஜோடியப் பிரிக்கிறவன் உருப்பட மாட்டான்," என்றான் மெரிக்.

"முன்னது திரும்பணும், பின்னது அடங்கி வரணும். அதான் ப்ரோ."

"பொட்டு எதுக்கு? பலகைக்கு நிச்சயதார்த்தமா?"

"அது வந்து..."

"சொல்லாத. நகப்பூச்சு உங்க அக்காவோடதுதானே, அவகிட்டயே கேட்டுக்கிறேன்." மெரிக் பலகையைப் பிடுங்கினான். "டெல், நான் இதுல எறங்குறேன். இந்தக் கதம்பம் ஆடலன்னா சீட்டு அவனுக்கே."

"வாக்கு மாறமாட்டியே?" என்றாள் டெல்ஃபின்.

"மாறுற மூஞ்சியா இது?"

மெரிக்கின் பலகைக்கு இரு முனையும் ஒன்றுதான். கால் பட்ட பக்கமே முன்பக்கம். அதே பழக்கத்தில் ராய்ஸின் பலகையில் ஏறி மலைச் சாலையில் இறங்கினான். இரண்டாவது வளைவில் பின்பக்கம் மீன்வால் போலத் துள்ளியது. காய்ந்த புல்லில் உருண்டு, இடுப்புத் தோல் உரிந்து, நொண்டிக்கொண்டு திரும்பினான்.

"பாத்தீங்கல்ல? குப்பை!"

"பின்கால் ஷூவத் தூக்கு," என்றாள் டெல்ஃபின்.

தூக்கினான். அடியில் காயாத சிவப்பு அப்பியிருந்தது.

"பொட்டு இருக்கிறதுதான்டா முன்பக்கம். வாலை முன்னால வச்சு எறங்கிட்டு, குப்பைன்றியா?"

"அவன் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீ எங்க ப்ரோ சொல்லவிட்ட?" ராய்ஸ் சிரிக்கக்கூட இல்லை. அதுதான் மெரிக்குக்குச் சுட்டது.

"ஒரே பெட்டில வந்தது மாதிரி வராது," என்று முனகியபடி தன் பலகையை எடுத்துக்கொண்டு வெளியேறினான். நாய் தலையைக்கூடத் தூக்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் கேரேஜ் கதவு கடகடவென்று இறங்கியது. உள்ளிருந்து பூட்டு விழுந்தது.