இடுப்போடு நின்ற குரங்கு

ஜெசிந்தாவின் பழைய எட்டு பிட் கம்ப்யூட்டர், கேசட்டின் கிறீச் சத்தத்தைக் கேட்டுத்தான் விளையாட்டை ஏற்றிக்கொள்ளும். அவள் நண்பன் கே.கே. நகர் பிரசாத் தன் விளையாட்டு கேசட்டை யாரிடமும் விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை. போன மாதம் அடையாறில் அவள் வீட்டுக்கே கொண்டுவந்து ஓட்டிக் காட்டினான். அவள் செல்போனைப் பக்கத்தில் வைத்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டாள்.

அன்றிலிருந்து போனை ஒயரில் கம்ப்யூட்டரோடு மாட்டி அந்தப் பதிவை ஓடவிட்டால், திரையில் விளையாட்டின் குரங்கு இடுப்பு வரைக்கும் வரும், அப்படியே நின்றுவிடும். சனியன் பிடித்த மெமரி சிப்தான் காரணம் என்று திட்டித் தீர்த்து, லண்டனிலிருந்து புது சிப் வரவழைத்து மாட்டினாள். குரங்கு மறுபடியும் இடுப்போடு நின்றது.

கோபத்தில் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அப்படி என்னதான் இருக்கிறது என்று பதிவை உரக்க ஓடவிட்டாள். கிறீச்சுக்கு நடுவே "உஸ்ஸ்ஸ்" என்று நீளமாக ஒன்று கேட்டது.

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவன் ஏசுராஜ் விழுந்தடித்துக்கொண்டு அடுப்பை அணைக்க ஓடினான். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

"ஜெசி, அது பிரசாத் வந்த அன்னிக்கு நான் மட்டன் வச்ச குக்கரு!"

ஜெசிந்தா பதிவை நிறுத்தினாள்.

"லண்டன்லேர்ந்து சிப்பு வரவழைச்சியே, கிச்சன்லேர்ந்து என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?"