கருப்புப் பட்டை

இரண்டாம் முறை அச்சேறி வந்த தாள்களில் மை இன்னும் சரியாகக் காயவில்லை. ஒவ்வொரு தாளிலும் வரிசை வரிசையாக நீல நிறத் தபால்தலைகள். ஒவ்வொரு தபால்தலையிலும் கரும்பலகைக்கு முன்னால் ஒரு பெண். அவள் முகத்தின் குறுக்கே ஒரு கருப்புப் பட்டை. பட்டை முகத்தை முழுசாக மூடியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். விலகியிருந்தால் அந்தத் தாள் நார் நாராக வெட்டிப் போடும் இயந்திரத்துக்குப் போக வேண்டும். ஒரு வாரமாகச் சின்னவளுக்கு இதுதான் வேலை.

அந்தப் பெண் அவளுடைய அக்கா.

எழுத்தறிவு ஆண்டுக்குத் தபால்தலை போட்டபோது, தபால் துறையின் ஓவியர் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், பாடம் நடத்திக்கொண்டிருந்த டீச்சரைப் படம் பிடித்து வந்தார். "உங்கக்காவை இனிமே ஊரே நாக்கால நக்கி ஒட்டப் போகுது" என்று ஃபோர்மேன் கேலி செய்ய, அச்சகமே சிரித்தது. அவளும்தான் சிரித்தாள். பிறகு ஆட்சி மாறியது. பாடப்புத்தகத்தில் கிழிக்கச் சொன்ன பக்கங்களைக் கிழிக்க மாட்டேன் என்றாள் அக்கா. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள், இருக்கிறாளா என்பதைக்கூட யாரும் சொல்லவில்லை. வீட்டைச் சோதனை போட்டவர்கள் சுவரில் இருந்த அவள் படத்திலிருந்து ஆல்பம் வரைக்கும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அச்சகத்துக்கு இதெல்லாம் புதிதல்ல. நாட்டின் தபால்தலைகள் முதலாவதிலிருந்தே கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தன. மகுடம் வைத்த ராஜா. ராஜா ஓடிப்போனதும் அவர் தலைமேலேயே அடித்த 'குடியரசு'. விலைவாசி ஏறியபோது பழைய விலையின் மேல் புது விலை. அப்புறம் தளபதி. தளபதி மேல் ஒரு பட்டை. காகிதத்துக்குப் பஞ்சமான நாட்டில், வந்தவர்கள் எல்லோரும் போனவர்கள் மேல்தான் அச்சடித்தார்கள். சின்னவள் அந்தச் சுவரைத் தினமும் கடந்து போயிருக்கிறாள். போனவர்களுக்கும் ஒரு தங்கை இருந்திருப்பாள் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

மதியத்துக்கு மேல் வந்த ஒரு தாளில் பட்டை கீழே இறங்கிக் கழுத்தில் விழுந்திருந்தது. மேலே அக்காவின் முகம் அப்படியே இருந்தது. பாடத்தை முடித்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்கும்போது இருக்கும் அதே பார்வை. சின்னவள் பூதக்கண்ணாடியைத் தள்ளி வைத்தாள். தாளைச் சரியான தாள்களின் கட்டுக்குள் நடுவில் செருகினாள்.

ஃபோர்மேன் வந்து கட்டைப் பிரித்தார். தேடவே இல்லை; நேராக அந்தத் தாளை உருவினார்.

"ஒண்ணே ஒண்ணுதாண்ணே. எங்கேயாவது யாரோ ஒருத்தர் கண்ணுல படட்டுமே."

"படும்மா. மறுநாளே நம்ம ரெண்டு பேரையும் தேடி வருவாங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

அவர் திட்டவில்லை. தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "நீயே போட்டுடு. எனக்குக் கை வராது."

அவளே போட்டாள். இயந்திரம் அதை நூல் நூலாகக் கக்கியது.

வீட்டுக்குப் போனபோது அம்மா சமையலறை விளக்கடியில் ஒரு கிண்ணத்தின் மேல் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் புரை விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் மூக்கருகே கொண்டு போய்த்தான் பார்ப்பாள். பட்டை அடிப்பதைச் சின்னவள் அவளிடம் சொல்லவே இல்லை.

"வந்துட்டியா? போஸ்டாபீஸ்ல பெரியவ ஸ்டாம்ப் இருக்குன்னு பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. ஓடிப் போய் வாங்கிட்டு வந்தேன். மூஞ்சி மேல மையைக் கொட்டி வெச்சிருக்கானுங்க, கட்டையில போறவனுங்க. அதான் ஊறப் போட்டிருக்கேன். உங்க ரெண்டு பேர் யூனிஃபார்ம்ல எத்தனை மைக்கறை எடுத்திருப்பேன்! இது எந்த மூலைக்கு?"

சின்னவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். முத்திரை விழுந்த தபால்தலையைக் கழுவி மறுபடி ஒட்டி ஏமாற்றக்கூடாது என்பதற்காகவே, படத்தைத் தண்ணீரில் கரைகிற மையில் அடிப்பார்கள். பட்டைக்குப் போடுவது எண்ணெய் மை. அது தண்ணீரில் கரையாது.

"அம்மா, தண்ணியில..." என்று ஆரம்பித்தாள்.

"இறங்குதுடி! இங்க பாரு, கறை இறங்குது!"

கிண்ணத்துத் தண்ணீர் நீலமாகிக்கொண்டிருந்தது. அம்மா ஒற்றை விரலால், தூங்கி எழுந்த குழந்தைக்கு முகம் கழுவுவதுபோல, மெதுவாக, மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரலுக்கடியில் காகிதம் வெளுத்துக்கொண்டே வந்தது. நடுவில் அந்தப் பட்டை மட்டும் இன்னும் கருப்பாகத் தெரிந்தது.