காட்சிக்கு வைத்த மீன்

சாயப்பட்டறையின் கழிவுநீர் வாய்க்காலில் விழும் இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. உள்ளே சிவப்பு மீன்கள். ‘எங்கள் சுத்திகரித்த நீரில் வாழும் மீன்கள்’ என்று மேலே பலகை. பலகை புளுகியது. தொட்டிக்கு வந்தது குடிதண்ணீர். சோதனைக்கு வரும் அதிகாரி மீனைப் பார்ப்பார், தலையாட்டுவார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் தொட்டிக்காரர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அவருடைய மாப்பிள்ளை, பட்டறையின் சூப்பர்வைசர். எழுதப் படிக்கத் தெரிந்த எவனையும் தொட்டிக்காரர் லேசில் நம்பமாட்டார். மாப்பிள்ளையையும் பாதிதான் நம்பினார்.

போன வாரம் தொட்டியில் குஞ்சுகள் பெருகி நெருக்கியடித்தன. பிழைத்துப் போகட்டும் என்று ஒரு குவளை குஞ்சுகளை வாய்க்காலில் விட்டார். டீ ஆறுவதற்குள் எல்லாம் மல்லாந்துவிட்டன. எங்கிருந்தோ பாய்ந்த மீன்கொத்தி அதில் நாலைந்தை விழுங்கியது. மறுநாள் அது கரையில் அலகைத் திறந்தபடி கிடந்தது. ஒரு வருஷமாக அந்தப் பக்கம் தவளைச் சத்தமே இல்லை. மிஞ்சியிருந்தது அந்த ஒரு பறவை. அதற்கும் தன் கையாலேயே விஷம் ஊட்டியாகிவிட்டது.

இன்று அதிகாரி வருகிற நாள். தொட்டிக்காரர் மீன்களை நல்ல தண்ணீரோடு பெரிய வாளிக்கு மாற்றினார். தொட்டியைக் காலி செய்து, ரப்பர் குழாயைக் கழிவுநீர்க் குழாயில் மாட்டினார். தொட்டி கத்தரிப்பூ நிறத்தில் நிறைந்தது.

மாப்பிள்ளை ஓடி வந்தார். “மாமா! என்ன பண்றீங்க?”

“பலகையில எழுதினபடி பண்றேன்.”

“உங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே!”

“நீங்கதானே மாப்பிள்ளை படிச்சுக் காட்டினீங்க? மறந்துட்டீங்களா?”

அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். “மீன் எங்கே பெரியவரே?”

“வாளியில இருக்கு சார்.”

“தொட்டியில போடுங்க, பார்க்கலாம்.”

“போடமாட்டேன். ஏற்கெனவே போட்ட பாவமே போதும்.” டீ குடிக்கிற குவளையில் அந்தத் தண்ணீரை மொண்டு நீட்டினார். “சுத்தமான தண்ணின்னு இத்தனை தடவை கையெழுத்துப் போட்டீங்களே. ஒரு வாய் குடிங்க.”

அதிகாரி ஓர் அடி பின்வாங்கினார். மாப்பிள்ளையைப் பார்த்தார். “இந்தக் குழாய் எங்கேருந்து வருது?”

மாப்பிள்ளை மாமாவைப் பார்த்தார். ஒரு பொய் சொன்னால் போதும், கிழவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று. வாயைத் திறந்தார். வாளிக்குள் ஒரு மீன் துள்ளி விழுந்தது.

“கழிவுக் குழாயிலிருந்து சார்,” என்றார். “இத்தனை நாள் வந்ததுதான் குடிதண்ணி.”

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகினார். தோள்பையிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்து, சோதனைக்குத் தண்ணீர் பிடிக்கத் தொட்டியில் முக்கினார்.

“வேலை போச்சு மாமா.”

“யாருக்கு?”

“ரெண்டு பேருக்கும்தான்.”

“போனா மயிரே போச்சு. வாளியை அந்தப் பக்கம் பிடிங்க, கனக்குது.”