கையை எடுக்காதே

சில்வா ஏரிக்கரையில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு டியாமிகே பயிற்சிக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நர்சிங் இரண்டாம் வருடம். அதுவரை அவள் பிரசவம் பார்த்ததெல்லாம் பொம்மைக்குத்தான்.

அன்று மத்தியானம் ஒரு சிசேரியன். ஆள் போதாமல் மருத்துவச்சி கச்சிங்வேயும் ஆபரேஷன் அறைக்குப் போக வேண்டியதாயிற்று. கிளம்புமுன், அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்த எனிஃபாவின் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். குழந்தை பிறந்தாயிற்று, நஞ்சுக்கொடியும் முழுசாக விழுந்தாயிற்று. "நல்லா இருக்கா. பக்கத்துலயே இரு," என்று டியாமிகேயிடம் சொல்லிவிட்டு முற்றத்தைத் தாண்டிப் போனாள்.

எனிஃபாவுக்கு இது நாலாவது. படுத்தபடியே சிரித்தாள். "என்ன பொண்ணே, பெத்தவ நானு, வேர்க்கறது உனக்கா?"

"இவ வேர்த்து நிக்கறத முன்னாடியே பாத்திருந்தா உங்க கொழந்தை வெளியவே வந்திருக்காதுக்கா," என்றான் உடன் படிக்கும் உலேமு, குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டே.

சிரித்துக்கொண்டிருந்த எனிஃபா திடீரென்று, "குளிருது," என்றாள்.

தகரக் கூரை கொதிக்கிற நேரத்தில் குளிரா? டியாமிகே போர்வையை விலக்கினாள். ரப்பர் விரிப்பில் ரத்தம் குட்டையாகத் தேங்கி, விளிம்பு வழியே சொட்டிக்கொண்டிருந்தது. வயிற்றில் கை வைத்தாள். கல் மாதிரி இருக்க வேண்டிய கருப்பை பிசைந்த மாவாகக் குழைந்தது.

"உலேமு, ஊசி போடு! போட்டுட்டு கச்சிங்வே அக்காவக் கூட்டிட்டு வா!"

அவன் ஊசி போட்டுவிட்டு ஓடினான். அவள் வயிற்றைத் தேய்த்தாள். ரத்தம் நிற்கவில்லை. வகுப்பில் காட்டியது ஒன்று மிச்சமிருந்தது: ஒரு கையை உள்ளே கொடுத்து முஷ்டியாக மடக்கி, மறு கையால் வெளியிலிருந்து அமுக்கி, கருப்பையை நடுவில் நசுக்கிப் பிடிக்க வேண்டும். செய்தாள். பொம்மை கத்தியதில்லை. எனிஃபா கத்தினாள்.

வெளியே காத்திருந்த எனிஃபாவின் அக்கா எஸ்னாட் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். "அடிப்பாவி! என் தங்கச்சிய என்னடி பண்ற? கைய எடுடி!" என்று தோளைப் பிடித்து இழுத்தாள்.

டியாமிகேயின் கை ஒரு கணம் வழுக்கியது. அவ்வளவுதான், ரத்தம் குபுக்கென்று பாய்ந்து எஸ்னாட்டின் பாதத்தை நனைத்தது.

எஸ்னாட் குனிந்து பார்த்தாள். பிடி தானாகத் தளர்ந்தது.

"கைய எடுத்தா செத்துருவாங்கக்கா," என்றாள் டியாமிகே, மறுபடி முஷ்டியை அழுத்தி. "அவங்கள தூங்க விடாதீங்க. பேசுங்க."

எஸ்னாட் தங்கையின் கன்னத்தைத் தட்டினாள். "ஏய், கண்ணத் திற! என் சிவப்புத் துணிய வாங்கிட்டுப் போனியே, அதத் தராமலே கம்பி நீட்டலாம்னு பாக்கறியா? திறடி!" திட்டிக்கொண்டே அழுதாள்.

உலேமு மூச்சிரைக்க வந்தான், தனியாக. "அங்க வயித்தத் தெறந்துட்டாங்க. இப்ப வர முடியாதாம். கைய மட்டும் எடுக்காதேன்னு சொன்னாங்க." நரம்பில் மருந்து ஏற்றும்போது அவனுக்கு இரண்டு தடவை ஊசி தவறி, மூன்றாவதில்தான் இறங்கியது.

டியாமிகே எனிஃபாவின் முகத்தைப் பார்க்கவேயில்லை. பார்த்தால், உயிர் போயிருந்தால், கை தானாக விட்டுவிடும் என்று பயம். முழங்கைக்குக் கீழே மரத்துப்போனது. எஸ்னாட்டின் வசவு நிற்காத வரைக்கும் உயிர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாள். ஒரு கட்டத்தில் முஷ்டிக்கு மேல் ஏதோ இறுகுவதுபோல் இருந்தது. அதை அவள் நம்பவில்லை.

கச்சிங்வே வந்து வயிற்றைத் தொட்டாள். "இறுகிருச்சு. விடு."

விரல்கள் பிரியவில்லை. கச்சிங்வேதான் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல வெளியே எடுத்தாள். எனிஃபாவின் உதடு சாம்பல் பூத்திருந்தது, ஆனால் மூச்சு ஓடியது.

சாயங்காலம் டியாமிகே ரத்த அழுத்தம் பார்க்கப் போனாள். கஞ்சி குடித்துக்கொண்டிருந்த எனிஃபா அவளைக் கண்டதும் கால்களை இடுக்கிக்கொண்டு சுருண்டாள். "அவ வேண்டாம். அவளக் கிட்ட விடாதீங்க!"

எஸ்னாட்டுக்கு முகம் சிறுத்துவிட்டது. "வலி மட்டுந்தாம்மா ஞாபகம் இருக்கு அவளுக்கு. மனசுல வெச்சுக்காத."

"எனக்கும் அவங்களப் பாத்தா பயமாத்தான்க்கா இருக்கு," என்றாள் டியாமிகே.

கருவியை உலேமுவிடம் நீட்டினாள். அவன் பார்த்துச் சொல்லும் வரை கதவோரமே நின்றாள். இறங்கிப்போயிருந்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது.