காத்திருப்போர் பட்டியலில் எட்டாவது ஆள்

வகுப்பை நானேதான் கைவிட்டேன். யாரும் என் விரலைப் பிடித்து அழுத்த வைக்கவில்லை. செவ்வாய்க்கிழமைப் பிரிவிலிருந்து வியாழக்கிழமைப் பிரிவுக்கு மாறுவதுதான் திட்டம். செவ்வாய், வெள்ளி மாலைகளில் எங்கள் பள்ளியின் பெண்கள் கூடைப்பந்து அணிப் பேருந்தை நான் ஓட்ட வேண்டும். பல்கலைக்கழக இணையதளத்தில் பிரிவு மாறுவதற்கென்றே ஒரு பொத்தான் இருந்தது. அதைப் படிக்காமல், முதலில் ‘விலகு’ என்பதை அழுத்திவிட்டு வியாழனைத் தேடிப் போனேன். வியாழன் நிரம்பியிருந்தது. நடுவே ஒரு காபி ஊற்றிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்து பார்த்தால், செவ்வாயில் என் இடம் காத்திருந்த யாரோ ஒரு புண்ணியவானுக்குப் போய்விட்டிருந்தது. இப்போது காத்திருப்போர் பட்டியலில் நான் எட்டாவது ஆள்.

என் வேலை பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுத் தருவது.

வடக்கு டகோட்டாவின் இந்தச் சிற்றூர்ப் பள்ளியில் வாசிக்கத் திணறும் பிள்ளைகள் பதினொரு பேர். அவர்களுக்கு நான் ஒருவன்தான், அதுவும் தற்காலிக ஆசிரியர் உரிமத்தில். ஆகஸ்ட் முடிவதற்குள் இணையவழி முதுகலைப் படிப்பை முடித்தால்தான் உரிமம் நிலைக்கும். நான் கைவிட்ட வகுப்பை முடிக்காதவர்களைப் படிப்பின் கடைசிக் கட்டமான கோடைப் பயிற்சியில் சேர்க்க மாட்டார்கள். வகுப்போ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, வசந்தப் பருவத்தில்தான் வரும். இதையெல்லாம் வண்ணப் பென்சிலால் கட்டம் போட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். பார்க்க அழகாக இருக்கும்.

படிப்பு ஆலோசகர் கெண்டலைத் தொலைபேசியில் பிடித்தேன். இரண்டு ஆண்டில் எனக்கு வாய்த்த மூன்றாவது ஆலோசகர்.

“அடடா, இப்படி ஆயிடுச்சா வெர்லின். சரி, பாக்கலாம்.”

“பாக்கலாம்னா, கிடைக்குமா?”

“இடம் காலியாக வாய்ப்பு இருக்கத்தான் செய்யுது. துறை ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேளுங்களேன்.”

“அவங்கதான் உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க.”

“அப்படியா? ரொம்ப நல்லவங்க அவங்க. உங்க பக்கம் பனி எப்படி?”

எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்வதில்லை. அது முகத்தில் கதவைச் சாத்துவது மாதிரி. துறை அலுவலகத்து ஆர்டித் அம்மாளும் இந்த மண்ணில் வளர்ந்தவர்தான்.

“முன்னாடி ஒருத்தருக்குக் கிடைச்சதா ஞாபகம்,” என்றார்.

“எட்டாவது ஆளுக்கா?”

“அது அவ்வளவு தெளிவா ஞாபகமில்ல. பதிவாளர் ஆபீஸ்ல கேட்டீங்களா?”

பதிவாளர் அலுவலகம் என்னைக் கெண்டலிடமே அனுப்பியது. மூன்று நாளில் ஒரு சுற்று முடிந்தது. ஒருவர்கூட என்னைக் கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு ஒரு பதிலாவது மிஞ்சியிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை, என் மாணவி ஒருத்தியின் அம்மா ரோக்சேன் வகுப்பறை வாசலில் நின்றார். “நேத்து சீரியல் டப்பா மேல எழுதியிருந்ததைப் பூரா அவளே படிச்சா. அடுத்த வருஷமும் நீங்கதானே இருப்பீங்க?”

“பாக்கலாம்,” என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. ரோக்சேன் தலையாட்டிவிட்டு நன்றியும் சொன்னார். ஆனால் அந்த முகம், மூன்று நாளாய் நான் கண்ணாடியில் பார்த்துவந்த முகம். கெண்டலை அதுவரை மனதுக்குள் திட்டித் தீர்த்திருந்தேன். அதில் பாதியை எனக்கு மாற்றிக்கொண்டேன்.

மதியம் ஆசிரியர் அறைக்குப் போனேன். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடும் நாள். தலைமையாசிரியை மார்லிஸ் கையில் கரண்டியோடு நின்றார்.

“வா வெர்லின், இன்னொரு கரண்டி போட்டுக்கோ. இளைச்சுப் போயிட்ட.”

“மார்லிஸ், அந்த வகுப்பு விஷயம்…”

“கேள்விப்பட்டேன். எல்லாம் சரியாயிடும். சாயங்காலம் காத்து பலமா அடிக்குமாம், பேருந்தை மெதுவா ஓட்டு.”

வழக்கமாக இந்த இடத்தில் நானும் காற்றைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுத் தட்டோடு நகர்ந்துவிடுவேன். கால் நகரக்கூட ஆரம்பித்தது. பிறகு நின்றேன்.

“எனக்கு அந்த வகுப்பு கிடைக்காது. எட்டாவது ஆளு நான். அடுத்த வருஷம் அந்த வாசிப்பு ரூம் என்னோடதா, இல்லையா? காத்து, மழை எதுவும் வேணாம். அதை மட்டும் சொல்லுங்க.”

கணக்கு ஆசிரியர் தன் தட்டை உற்றுப் பார்த்தார். மார்லிஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

“இல்ல,” என்றார். “ரெண்டு வருஷத்துக்கு இல்ல. விஷயம் தெரிஞ்ச அன்னைக்கே உன் உரிமத்த நீட்டிக்கச் சொல்லி மாநில ஆபீஸ்ல கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க. மைனாட் டவுன்லேருந்து ஒரு டீச்சர் வருவாங்க. நீ அவங்களுக்கு உதவியா அதே ரூம்ல இருப்ப, பிள்ளைங்களுக்குப் பழகின முகம் வேணும். வகுப்பை முடிச்சிட்டு வா, ரூமைத் திருப்பித் தரேன். இது ‘பாக்கலாம்’ இல்ல. தரேன்.”