காவலன் கேட்ட துண்டு

திருச்சானூர் லாட்ஜ் அறையில் அன்று இருந்தவர்கள் நான்கு பேர்: நாகலாபுரம் வேங்கடாசலமாகிய நான், என் மகள் மோகனப்ரியா, என் தங்கை மகன் குணா, சித்தூரில் விளையாட்டுப் பெட்டிகள் அச்சிட்டு விற்கும் சுதீர். வேறு யாரும் இல்லை.

ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டிக் கதையாக ஆடும் விளையாட்டு ஒன்றுக்கு மகள் எழுதிய ரூல் புக்கை ஆடிப் பார்த்து, அச்சிடலாமா என்று சுதீர் முடிவு சொல்ல வேண்டும். ஏற்கெனவே இரண்டு பேர் மறுத்துவிட்டார்கள். லாட்ஜுக்கு அவளைத் தனியே அனுப்ப மாட்டேன் என்று கூடப் போனேன். ஆட ஆள் குறைந்ததால் என்னையும் உட்கார வைத்தார்கள். மகள் கதையை நடத்தினாள். குணா படைவீரன், சுதீர் வைத்தியன், நான் ஊர்த்தலைவன்.

"சண்டை சுருக்கா முடியுது, மேப் பிரமாதம்," என்றான் சுதீர். "காயம் ஆத்துற ரூல்தான் மூணு எடத்துல சிதறிக் கெடக்குது. ஆனா மானத்துக்கு மார்க் போடற புக்கை நான் எங்கயும் பாக்கலம்மா."

எனக்கு மானம் பத்துக்குப் பத்து. பத்து உள்ளவனை எந்த அடியும் தொடாது. கூட வந்தவன்மேல் விழும். அதுதான் விதி.

மலைவாசலில் அரக்கக் காவலன் மறித்தான்.

"தோள்ல கீற துண்ட இடுப்புல கட்டிக்கினு போ," என்றாள் மகள், அரக்கன் குரலில்.

"கட்ட மாட்டேன்."

பகடை உருண்டது. அடி குணாவுக்கு. மறுபடி கேட்டாள், மறுபடி மறுத்தேன். படைவீரன் செத்தான்.

"இன்னா மாமா, என்ன சாவடிச்சிட்டு நீ ஜம்முனு நின்னுக்கினு கீறயே!" குணா சிரித்தான்.

சுதீர் சிரிக்கவில்லை. "இது பெரிய ஓட்டைம்மா. பெரியவர ஒண்ணும் பண்ண முடியல, கூட வந்தவன் சாவறான். யார் வாங்குவாங்க?" புத்தகத்தை மூடிவிட்டான்.

என்னைப் பார்க்காமல் மகள் சொன்னாள்: "ஓட்டை இல்லீங்க. எங்க வீட்ல பாத்தது. குணா அத்தானுக்கு ஸ்ரீசிட்டி ஃபேக்டரி வேலைக்கு ஒரு வார்த்த சொல்லச் சொன்னப்போ, நைனா எவன் வாசலுக்கும் போவல. நைனா மானம் அப்பிடியே கீது. வேலைதான் போச்சு."

வீட்டுப் பேச்சு, வெளியாள் முன்னால். எழுந்து போக வேண்டும் என்றுதான் இருந்தது. குணா சிரிப்பை நிறுத்திவிட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"புக்கைத் தெற," என்றேன் சுதீரிடம். "அடுத்த அடி யாருக்கு?"

"எனக்கு."

"துண்ட இடுப்புல கட்டிட்டேன். எழுதிக்கோ ப்ரியா."

மானம் எட்டாகக் குறைந்தது. வாசல் திறந்தது. ஆனால் ஓங்கிய அடி நிற்காது என்பது விதி. முதல் முறையாக அது என்மேல் வந்தது. பகடையை நானே உருட்டினேன். மூன்று விழுந்தது, பிழைக்க அது போதாது. ஊர்த்தலைவன் அங்கேயே சாய்ந்தான். வைத்தியன் வாசலைத் தாண்டினான்.

சுதீர் அந்த விதியை மறுபடி படித்தான். பிறகு, "இந்த ரூல் இப்பிடியே இருக்கட்டும்மா," என்றான். "காயம் ஆத்தறத மட்டும் ஒரே எடத்துல எழுதிக் குடு. அச்சடிக்கறேன்."

சித்தூர்க்காரன் ஒருவன் முன்னால் நான் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினேன் என்று நாகலாபுரத்தில் பேசிக்கொள்கிறார்கள். பொய். கட்டியவன் விளையாட்டில் செத்த ஊர்த்தலைவன். என் துண்டு என் தோளிலேயே இருந்தது.