தேறி வந்த உடம்பு

அப்பாவைக் கடைசியாகக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பும்போது முத்துச்செல்வியின் இடுப்பில் செருகியிருந்த செல் அதிர்ந்தது. ஒரு கையால் குடத்தைப் பிடித்தபடி எடுத்துப் பார்த்தாள். ரெண்டு மூன்று நாளாக அவள் கட் பண்ணிக்கொண்டே வந்த நம்பர். கடன் வேணுமா, கார்டு வேணுமா என்று உயிரை வாங்குகிற சனியன்கள் சாவு வீட்டையும் விடமாட்டார்கள் போலிருக்கிறது.

"எடுட்டி" என்றாள் கூட வந்த அத்தை. "துட்டிக்கு வாற ஆளு யாராச்சும் வழி கேப்பாவ."

எடுத்தாள்.

"பூவனநாதன் சார் வீடாம்மா? மதுரை ஆஸ்பத்திரியில இருந்து நர்ஸ் பேசுறேன். எத்தன தடவ கூப்பிடுறது, கட் ஆயிட்டே இருக்கே. ஆப்புல நீங்க போட்ட வெயிட்டெல்லாம் ஏறிக்கிட்டே போகுது. அது சதை இல்லம்மா, உடம்புல தண்ணி கோக்குது. தண்ணி பிரியுற மாத்திரையக் கூட்டிக் குடுக்கச் சொல்லிட்டாரு டாக்டர். இன்னைக்கு எவ்வளவு இருக்காரு?"

முத்துச்செல்வி "இல்ல" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். குடம் தளும்பிச் சேலை நனைந்தது.

புண்ணாக்குக் கடை பூவனநாதனுக்கு இதயம் பலம் குறைந்து இரண்டு வருஷமாகிறது. சம்பளத்துக்கு வந்து பார்த்துக்கொண்டவள் ஆறுமுகத்தாய். தினமும் அவரை எடை மிஷினில் ஏற்றி நிறுத்தி ஆஸ்பத்திரி ஆப்பில் போடுவது, டாக்டரை வீடியோவில் பிடிப்பது, மாத்திரை மாற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்வது எல்லாம் அவள் செல்லில்தான் நடந்தது.

போன வாரம் ஓசூரிலிருந்து வந்த மகள் முத்துச்செல்விக்கு அது பொறுக்கவில்லை. பெற்ற பிள்ளை குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அப்பாவின் நோய்நொடியெல்லாம் ஊரார் செல்லிலா? ஆறுமுகத்தாயின் பெயரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போட்டுக்கொண்டாள்.

"அவகிட்டயே இருக்கட்டும்மா, பழகிட்டா" என்றார் அப்பா.

"நான் எதுக்குப்பா இருக்கேன்?"

அவளை வேலையைவிட்டே நிறுத்தி ஊருக்கு அனுப்பினாள். எடை எதற்கு, தண்ணீர் எவ்வளவு கொடுக்கலாம் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடையை மட்டும் தவறாமல் போட்டாள். அது ஏற ஏற அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒல்லிக்குச்சி மனுஷர், மகள் கையால் சாப்பிட்டதும் எப்படித் தேறுகிறார் பார் என்று சென்னையிலிருந்த தம்பி கண்ணபிரானுக்குப் போன் போட்டுச் சொன்னாள். இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி என்று ரசத்தை ஊற்றினாள். நேற்று விடியக்காலம் அவருக்கு மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸ் வாசலுக்கு வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

குடத்தோடு வீட்டுக்கு வந்தபோது, காலை ரயிலில் வந்து இறங்கிய கண்ணபிரான் பந்தலில், சாவு கேட்டு வந்த ஆறுமுகத்தாயை மறித்துக்கொண்டு நின்றான்.

"சம்பளத்த வாங்கிட்டு என்னத்தப் பாத்த நீ? செல்லும் கையுமா உக்காந்திருப்ப. எங்கப்பா மூச்சு முட்டிச் செத்திருக்காவ!"

பந்தலே அவளை எரித்துவிடுவதுபோல் பார்த்தது. ஆறுமுகத்தாய் அழுகையை நிறுத்தி மூக்கைச் சிந்தினாள்.

"போன வாரமே என்னைய நிறுத்தியாச்சு அண்ணாச்சி. அக்காதான் எல்லாம் பாத்தாவ. வேணும்னா அவியட்ட கேளுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். சொல்லிவிடலாம். என்னால்தான் என்று இங்கேயே சொல்லிவிடலாம். அடிக்கிறவன் அடிக்கட்டும், துப்புகிறவன் துப்பட்டும். முத்துச்செல்வி வாயைத் திறந்தாள்.

"நாந்தாம்லே பாத்தேன். நல்லாத்தான் இருந்தாவ. தேறித்தான் வந்தாவ."

"ஆமாக்கா, போன்ல சொன்னியே" என்று அவள் தோளில் முகத்தை வைத்துக் கண்ணபிரான் ஓவென்று அழுதான். பெண்களும் சேர்ந்து அழுதார்கள். ஆறுமுகத்தாய்க்கு யாரும் இடம் விடவில்லை. அவள் பந்தல்காலோரம் ஒதுங்கி நின்றாள்.

குளிப்பாட்டி, புது வேட்டி கட்டியபின், பிள்ளைகளைக் காலைத் தொட்டுக் கும்பிடச் சொன்னார்கள். மூத்தவள் முதலில். வேளாவேளைக்குச் சோறு போட்டவள், அப்பாவின் பாதத்தை இப்போதுதான் பார்த்தாள். தோல் மினுமினுவென்று விம்மியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து நெற்றியை வைத்துவிட்டு எழுந்தாள்.

அவள் பெருவிரல் அழுத்திய இடத்தில் குழி விழுந்திருந்தது. தடவிவிட்டாள். மேலே வரவில்லை. இன்னொரு தடவை தடவினாள்.

"நகருக்கா" என்றான் தம்பி.

வேட்டியின் கரையைப் பாதம் மூட இழுத்துவிட்டு நகர்ந்தாள்.